தள்ளிவிட்ட மூன்று விடைகள்

திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி சான்றிதழ்த் தேர்வு 2021 ஜனவரியில் பெற்ற வடிவத்தில் 180 கேள்விகள் உண்டு. அவற்றுக்கு 230 நிமிடங்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 76 வினாடிக்குச் சற்றே கூடுதல். அதற்குள் நான்கைந்து வரியில் சொல்லப்படும் ஓர் அலுவலகச் சிக்கலைப் படித்துப் புரிந்துகொண்டு, கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர வேண்டும். நான்கு விடைகளில் ஒன்று சரி, மூன்று அபத்தம் என்ற நிலை அங்கே அநேகமாக இருக்காது. நான்குமே ஏதோ ஒரு திட்டத்தில், ஏதோ ஒரு நாளில், ஒரு நல்ல மேலாளர் செய்யக்கூடிய செயல்களாகவே இருக்கும். இந்தத் தேர்வுக்குப் படிக்க உட்காரும் பெரும்பாலோர் செய்வது என்ன? தடித்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, அடிக்கோடிட்டு, குறிப்பெடுத்து, முடித்ததும் மறுபடி ஒருமுறை படித்து, கடைசி இரண்டு வாரத்தில் மாக் டெஸ்ட் எழுதிப் பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். படிப்பு நேரத்தின் பெரும்பகுதி கேள்விகளோடு கழிய வேண்டும். ஒவ்வொரு கேள்வியிலும் சரியான விடையை அறிவதைவிட, தள்ளிவிட்ட மூன்று விடைகள் எந்தச் சூழலில் சரியாகியிருக்கும் என்று எழுதிப் பார்ப்பதில்தான் அந்த நேரம் செலவாக வேண்டும்.

இதற்கான முதல் சான்று தேர்வின் வரலாற்றிலேயே இருக்கிறது. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் என்ற பிஎம்ஐ 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. பிஎம்பி சான்றிதழ் 1984-இல் வந்தது. 2020 வரை தேர்வின் எடைகள் திட்டத்தின் கட்டங்களை ஒட்டிப் பிரிக்கப்பட்டிருந்தன: தொடக்கத்துக்கு 13 விழுக்காடு, திட்டமிடலுக்கு 24, செயலாக்கத்துக்கு 31, கண்காணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் 25, முடிப்புக்கு 7. பிஎம்ஐ வெளியிடும் பிஎம்பாக் கையேட்டின் அன்றைய அமைப்பும் இதற்கு இசைவாகவே இருந்தது. 2017-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் ஐந்து செயல்முறைக் குழுக்கள், பத்து அறிவுப் புலங்கள், 49 செயல்முறைகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளீடு, கருவி, வெளியீடு என்று நீண்ட பட்டியல்கள். ஐடிடிஓ என்று சுருக்கிச் சொல்லி அவற்றை மனப்பாடம் செய்த தலைமுறை ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் அந்தச் சட்டகம் கழற்றி வைக்கப்பட்டது. மனிதர்கள் 42 விழுக்காடு, செயல்முறை 50, வணிகச் சூழல் 8 என்று புதிய பிரிவுகள் வந்தன. கேள்விகளில் ஏறத்தாழப் பாதி, முன்கூட்டியே முழுவதையும் திட்டமிடும் பாணியைச் சார்ந்தவை. மறுபாதி அஜைல், ஹைப்ரிட் முறைகளைச் சார்ந்தவை. அதே ஆண்டு வந்த ஏழாம் பதிப்புக் கையேடு 12 கொள்கைகள், எட்டுச் செயற்களங்கள் என்று முற்றிலும் வேறு அமைப்பை எடுத்துக்கொண்டது. 2026-க்கென அறிவிக்கப்பட்ட அடுத்த வரையறையில் வணிகச் சூழலின் பங்கு 26 விழுக்காட்டுக்கு உயர்கிறது. உங்கள் தேர்வு நாளில் எந்த வரையறை நடப்பில் இருக்கும் என்பதைப் பணம் கட்டும் முன் பிஎம்ஐ தளத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே திசையில் நகர்வதைக் கவனிக்கலாம். ஒரு செயல்முறையின் பெயரையும் அதன் வெளியீட்டையும் நினைவில் வைத்திருக்கிறாரா என்று கேட்பது குறைந்து, குழப்பமான ஒரு சூழலில் எதை முதலில் செய்வார் என்று கேட்பது கூடியிருக்கிறது.

ஆகவே இந்தத் தேர்வின் பாடத்திட்டம் எது என்று கேட்டால், கையேட்டைக் காட்டக் கூடாது. பிஎம்ஐ இலவசமாக வெளியிடும் தேர்வு உள்ளடக்க வரையறையைத்தான் காட்ட வேண்டும். ஈசிஓ என்று அதைச் சொல்வார்கள். 2021 வரையறையில் மொத்தம் 35 பணிகள் இருந்தன: மனிதர்கள் பிரிவில் 14, செயல்முறையில் 17, வணிகச் சூழலில் 4. மோதலைக் கையாளுதல், குழுவின் தடைகளை அகற்றுதல், மாற்றங்களை நிர்வகித்தல் என்று ஒவ்வொரு பணியும் ஒரு வினைச்சொல்லைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பக்கங்களை அச்செடுத்து மேசை மேல் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் ஒவ்வொரு பயிற்சிக் கேள்வியும் இவற்றில் எந்தப் பணியைச் சோதிக்கிறது என்று அடையாளம் காண்பது மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை விடப் பயனுள்ள கணக்கு.

ஒரு கேள்வியை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். இது இந்த அத்தியாயத்துக்காக எழுதியது. தேர்வின் பாணியில் இருக்கிறது. ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கான மென்பொருள் திட்டம் ஐந்தாவது மாதத்தில் இருக்கிறது. எல்லை, அட்டவணை, செலவு மூன்றுக்கும் பேஸ்லைன் ஒப்புதல் கிடைத்துவிட்டது. வாடிக்கையாளர் தரப்பின் மூத்த அதிகாரி ஒருவர், மாதாந்திர அறிக்கையில் இன்னொரு விவரத்தையும் சேர்த்துத் தரும்படி டெவலப்பரிடம் நேரடியாகக் கேட்கிறார். டெவலப்பர் உங்களிடம் வந்து, இரண்டு மணி நேர வேலைதான், செய்துவிடட்டுமா என்கிறார். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன? அ) சிறிய வேலை, வாடிக்கையாளரும் மகிழ்வார் என்பதால் செய்யச் சொல்லலாம். ஆ) அதிகாரி முறையை மீறியதால் ஸ்பான்சரிடம் கொண்டுபோகலாம். இ) இந்த மாற்றம் திட்டத்தின் மற்றப் பகுதிகளை எப்படிப் பாதிக்கும் என்று குழுவோடு உட்கார்ந்து மதிப்பிடலாம். ஈ) மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவின் ஒப்புதலுக்குச் சேஞ்ச் ரிக்வெஸ்ட் அனுப்பலாம்.

எதிர்பார்க்கப்படும் விடை இ. டெவலப்பர் சொன்ன இரண்டு மணி நேரம் நிரல் எழுதும் நேரம் மட்டுமே. சோதனைக்கு ஆகும் நேரம், தரவு எங்கிருந்து வரும் என்ற கேள்வி, பயிற்சி ஆவணத்தில் வரும் திருத்தம் எதுவும் அதில் இல்லை. தாக்கம் தெரியாமல் ஒப்புதல் கேட்டால், ஒப்புதல் தருகிறவர்கள் முதலில் கேட்கப்போவதே அந்தத் தாக்கத்தைத்தான். ஆகவே ஈ சரியான செயல்தான், ஆனால் அடுத்த படி. இந்த இடத்தில் பெரும்பாலோர் விளக்கத்தைப் படித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போகிறவருக்கு இந்தக் கேள்வியிலிருந்து கிடைப்பது ஒரே ஒரு விதி. நின்று, மற்ற மூன்றையும் கேட்டுப் பாருங்கள். ஈ எப்போது முதல் விடையாகும்? ‘தாக்கத்தைக் குழு மதிப்பிட்டுவிட்டது’ என்று ஒரு வாக்கியம் கேள்வியில் கூடினால் போதும். ஆ எப்போது சரியாகும்? அதிகாரியிடம் நேரில் பேசியும் அவர் தொடர்ந்து குழுவினரிடம் தனியாக வேலை வாங்குகிறார், அதைத் தடுக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்றால் சரியாகும். அ எப்போது சரியாகும்? குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட மாற்றங்களை மேலாளரே ஒப்புக்கொள்ளலாம் என்று மாற்ற மேலாண்மைத் திட்டத்தில் எழுதியிருந்து, தாக்கம் அந்த அளவுக்குள்தான் என்பதும் தெரிந்திருந்தால் சரியாகும். இன்னும் ஒரு படி போகலாம். கேள்வியில் ‘பேஸ்லைன்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘மூன்றாவது ஸ்பிரிண்ட்’ என்று வைத்துப் பாருங்கள். நான்கு விடைகளுமே பொருந்தாமல் போகும். அங்கே செய்ய வேண்டியது, அதிகாரியை ப்ராடக்ட் ஓனரிடம் அனுப்புவது. கேட்டது பேக்லாக்கில் சேரும், முன்னுரிமையை அவர் முடிவு செய்வார். ஒரே கேள்வி ஐந்து சூழல்களைக் கற்றுத் தந்துவிட்டது. தேர்வறையில் உங்கள் முன் வரப்போவது இந்த ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் பயின்ற அந்த ஒன்றே அப்படியே வரும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இதைச் செய்ய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கேள்வி முழுவதையும் நகலெடுக்க வேண்டாம். சூழலை ஒரு வரியில் எழுதி, அதன் கீழே நான்கு விடைகளையும் ‘இது எப்போது சரி’ என்ற ஒரே கேள்விக்குப் பதிலாக எழுத வேண்டும். விளக்கத்தைப் பார்க்கும் முன்பே எழுத வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். தவறாக எழுதினாலும் பரவாயில்லை; விளக்கத்தோடு ஒப்பிட்டு வேறு நிற மையில் திருத்துங்கள். அந்தத் திருத்தங்களே உங்கள் பலவீனத்தின் வரைபடம். சரியாக விடையளித்த கேள்விகளுக்கும் இதைச் செய்தாக வேண்டும். ஊகத்தில் சரியாகிப்போன கேள்வியும், தவறான காரணத்தால் சரியாகிப்போன கேள்வியும் மதிப்பெண் பட்டியலில் வெற்றியாகவே தெரியும். நோட்டில் மட்டும்தான் பிடிபடும்.

கற்றல் பற்றிய ஆய்வுகள் இந்த வாதத்துக்கு எவ்வளவு துணை நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். ரோடிகரும் கார்ப்பிக்கேவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. ஒரு பிரிவு மாணவர்கள் ஓர் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் முதலில் மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்று முறையும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை புரண்டது: படித்தவர்கள் 40 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 61-இல் நின்றார்கள். புத்தகத்தை இரண்டாம் முறை படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் ஒரு தெளிவு வருகிறதே, அது இந்த 83 விழுக்காட்டின் தெளிவு. தேர்வு நடக்கும் நாளில் அது இருக்காது. 2013-இல் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு உத்திகளை ஒப்பிட்டு வெளியிட்ட விரிவான மதிப்பாய்வும் இதையே சொன்னது: அடிக்கோடிடுவதும் மறுவாசிப்பும் குறைந்த பயன் தருபவை, தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் உயர்ந்த பயன் தருபவை.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ரோரரும் டெய்லரும் 2007-இல் வெளியிட்டது. பழக்கமில்லாத நான்கு திண்ம வடிவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கும் கணக்குகளை மாணவர்களுக்குக் கற்றுத்தந்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு வடிவத்தின் கணக்குகளை முடித்துவிட்டு அடுத்த வடிவத்துக்குப் போனார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கணக்குகள் கலந்து கொடுக்கப்பட்டன. பயிற்சியின்போது வரிசையாகச் செய்தவர்கள் 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள்; கலந்து செய்தவர்கள் 60 மட்டுமே. ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் வரிசைப் பிரிவு 20 விழுக்காடு. கலந்த பிரிவு 63. வரிசையாகச் செய்தவர்களுக்குச் சூத்திரம் தெரியும், ஆனால் இந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று தேர்ந்து பழகும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்று ரிஸ்க், நாளை செலவு, மறுநாள் கொள்முதல் என்று அத்தியாயவாரியாகக் கேள்வி எழுதுகிறவருக்கும் இதுவே நேர்கிறது. ரிஸ்க் அத்தியாயத்தின் முடிவில் வரும் கேள்வி ரிஸ்க் பற்றியது என்பதை அத்தியாயத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் அப்படிச் சொல்ல ஆளில்லை. சப்ளையர் தாமதிக்கக்கூடும் என்று ஒரு கேள்வி சொன்னால் அது ரிஸ்க் ரெஜிஸ்டருக்குப் போகும் செய்தி. தாமதித்துவிட்டார் என்று சொன்னால் இஷ்யூ லாகுக்குப் போகும் செய்தி. தினசரி ஸ்டாண்ட் அப்பில் ஒருவர் அதைத் தடையாகச் சொன்னால் ஸ்க்ரம் மாஸ்டர் எழுந்து அகற்ற வேண்டிய செய்தி. இந்த மூன்றையும் ஒரே நாளில் கலந்து பயின்றவருக்குத்தான் வேறுபாடு கண்ணில் படும்.

இந்த ஆய்வுகளை அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று ஒருவர் சொல்லலாம். அவை பல்கலைக்கழக மாணவர்களை வைத்து, சிறு பாடங்களில் நடத்தியவை; பத்து ஆண்டு அனுபவமுள்ள ஒரு மேலாளர் இந்தச் சான்றிதழுக்குப் படிப்பதை யாரும் அவற்றில் அளக்கவில்லை. நியாயமான மறுப்பு. அந்த விழுக்காடுகள் அப்படியே இங்கு பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. தேர்ந்தெடுக்கும் திறனைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தே வளர்க்க முடியும் என்ற அடிப்படை மட்டும் இங்கே போதும். இந்தத் தேர்வின் வடிவமே அந்தத் திறனைத்தான் கேட்கிறது என்பதை மேலே பார்த்தோம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அடிப்படை தெரியாமல் கேள்வியில் குதித்தால் என்ன புரியும், முதலில் படித்தால்தானே பிறகு சோதிக்க முடியும் என்பது. ஒரு பகுதியை ஏற்கத்தான் வேண்டும். விண்ணப்பிக்கவே 35 மணி நேரத் திட்ட மேலாண்மைப் பயிற்சி தேவை. ஆகவே எவரும் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. அந்தப் பயிற்சியோடு ஒரே ஒருமுறை, வேகமாக, சொற்களின் அறிமுகத்துக்காக நூலைப் படியுங்கள். மனப்பாடம் தேவைப்படும் பகுதி சிறியது, அதைத் தயங்காமல் மனப்பாடம் செய்யலாம். சம்பாதித்த மதிப்பைச் செலவிட்ட தொகையால் வகுத்தால் சிபிஐ, திட்டமிட்ட மதிப்பால் வகுத்தால் எஸ்பிஐ; இரண்டிலும் ஒன்றுக்குக் கீழே போனால் கெட்ட செய்தி. மொத்த பட்ஜெட்டைச் சிபிஐயால் வகுத்தால், இதே போக்கில் போனால் முடிவில் ஆகக்கூடிய செலவு கிடைக்கும். கிரிட்டிக்கல் பாத் கண்டுபிடிக்கும் முறை, ஒப்பந்த வகைகளில் செலவு ஏறும் அபாயம் யார் தலையில் விழும் என்பது, அச்சுறுத்தலுக்கும் வாய்ப்புக்கும் உரிய ரிஸ்க் எதிர்வினைகள், ஸ்க்ரமின் மூன்று பொறுப்புகளும் ஐந்து நிகழ்வுகளும். இவ்வளவையும் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். இதற்கு மேல் நூலுக்குத் திரும்புவது, ஒரு கேள்வியில் தடுக்கி விழுந்து, அந்த இடத்தைத் தேடிப் போகும்போது மட்டும் போதும். தேவை தெரிந்து படித்த ஒரு பக்கம் மனதில் தங்கும்.

அனுபவசாலிகள் எழுப்பும் மறுப்பு வேறு மாதிரியானது. எங்கள் அலுவலகத்தில் யாரும் இப்படிச் செய்வதில்லை, புத்தகத்தில் இருப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பார்கள். நான்காண்டுப் பட்டம் பெற்றவருக்கு 36 மாத காலத் தலைமை அனுபவம் வேண்டும் என்று பிஎம்ஐ நிபந்தனை வைத்திருக்கிறது; அதே அனுபவம் தேர்வறையில் காலை வாருவதும் உண்மை. வாடிக்கையாளர் கேட்டால் செய்துகொடுத்துவிடுவது, கடினமான பேச்சை மேலதிகாரியிடம் தள்ளிவிடுவது, தாமதத்தை வார இறுதி வேலையால் ஈடுகட்டுவது எல்லாம் பல நிறுவனங்களில் மேலாளரைக் காப்பாற்றும் பழக்கங்கள். தேர்வு வேறொரு முன்னனுமானத்தில் நிற்கிறது: மேலாளருக்கு உரிய அதிகாரம் உண்டு, ஒப்புக்கொண்ட ஆவணங்கள் உண்டு, குழுவை மதித்து அதன் முடிவெடுக்கும் திறனை வளர்ப்பது அவர் கடமை. நாம் வேலை பார்க்கும் இடத்தில் அந்த அதிகாரம் இல்லாததால் அந்த விடை தவறாகிவிடாது. ‘எப்போது சரி’ என்று எழுதும் பயிற்சி இங்கேயும் கைகொடுக்கிறது. உங்கள் அலுவலக வழக்கம் எந்த நிபந்தனையில் நியாயமாகும் என்று எழுதிப் பாருங்கள். அந்த நிபந்தனை கேள்வியில் இருந்தால் உங்கள் அனுபவத்தைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் ஒதுக்கி வைக்கலாம். அனுபவத்தைத் தூக்கி எறியச் சொல்லும் அறிவுரையை விட இது நேர்மையானது.

இதற்கு எதிர்முனையில், பிஎம்ஐ மைண்ட்செட் என்ற பெயரில் பத்து இருபது விதிகளைக் கொண்ட பட்டியல்கள் உலவுகின்றன. ஸ்பான்சரிடம் ஓடாதே, முதலில் ஆராய், குழுவினரோடு நேரில் பேசு, ஆவணத்தைப் பார் என்று அவை போகும். தொடக்கத்தில் உதவுபவைதான், பெரும்பாலான கேள்விகளில் இரண்டு விடைகளைக் கழித்துக்கட்ட அவை போதும். மீதி இரண்டில்தான் தேர்ச்சியும் தோல்வியும் பிரிகின்றன, அங்கே பட்டியல் கைவிட்டுவிடும். ‘மேலே கொண்டுபோகாதே’ என்ற விதியை நம்பியவர், திட்டம் தொடங்கியதற்கான வணிகக் காரணமே மறைந்துவிட்ட கேள்வியிலும், மேலாளர் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட தொகை தேவைப்படும் கேள்வியிலும் தவறுவார். அங்கே ஸ்பான்சரிடம் போவதுதான் பொறுப்பு. விதி எங்கே முறிகிறது என்று தெரியாதவருக்கு விதியும் தெரியாது. முறியும் இடங்களைச் சேகரிக்கும் பழக்கமே அந்த நோட்டுப் புத்தகம்.

தமிழில் சிந்திக்கிறவருக்கு இந்தத் தேர்வில் இன்னொரு வேலையும் இருக்கிறது. கேள்விகள் தமிழில் கிடைப்பதில்லை. பெரும்பாலும் நாம் ஆங்கிலத்திலேயே எழுதுகிறோம். அலுவலக மின்னஞ்சலுக்குப் போதுமான ஆங்கிலம் இங்கே சில இடங்களில் போதாமல் போகும். ‘வெரிஃபை’, ‘வேலிடேட்’ இரண்டையும் நாம் சரிபார்த்தல் என்றே சொல்லிவிடுகிறோம். தேர்வில் முதலாவது, செய்த பொருள் தேவைப்பட்ட தரத்துக்கு இருக்கிறதா என்று குழு தனக்குள் பார்ப்பது. இரண்டாவது, வாடிக்கையாளரிடம் காட்டி முறையான ஏற்பைப் பெறுவது. முதலாவது முடிந்த பின்தான் இரண்டாவது வரும், அந்த வரிசையை வைத்தே கேள்விகள் கேட்கப்படுகின்றன. அதேபோல், மேலாளர் ‘என்ன செய்ய வேண்டும்’ என்பதும் ‘என்ன செய்திருக்க வேண்டும்’ என்பதும் தமிழில் காதில் விழுந்தவுடன் பிரிந்துவிடும். ஆங்கிலத்தில் அவசரமாகப் படிக்கும்போது அந்த ஒரு துணைவினை கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது. முதல் கேள்விக்கு விடை, இப்போது நிலைமையைச் சீராக்கும் செயல். இரண்டாவதற்கு விடை, மூன்று மாதத்துக்கு முன் செய்யத் தவறிய செயல். இரண்டும் விடைப்பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும். கேள்வியின் கடைசி வாக்கியத்தை முதலில் படித்து, ‘முதலில்’, ‘அடுத்து’, ‘சிறந்தது’ ஆகியவற்றில் எதைக் கேட்கிறது, எந்தக் காலத்தில் கேட்கிறது என்று உறுதி செய்துகொண்டு, பிறகு மேலிருந்து படிப்பது நல்ல பழக்கம். கேள்வியை ஆங்கிலத்தில் படியுங்கள். நோட்டுப் புத்தகத்தில் காரணங்களைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் விளக்கப் பகுதியின் சொற்களையே திருப்பி எழுதிவிட்டுப் புரிந்ததாக நினைத்துக்கொள்ள இடமிருக்கிறது. தமிழில் எழுதும்போது புரிந்தால்தான் வாக்கியம் முடியும்.

மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேர்ச்சிக்கு எத்தனை விழுக்காடு வேண்டும் என்பதைப் பிஎம்ஐ வெளியிடுவதில்லை. முடிவு ஒவ்வொரு பிரிவிலும் இலக்குக்கு மேல், இலக்கில், இலக்குக்குக் கீழ், முன்னேற்றம் தேவை என்ற நான்கு நிலைகளில் வரும். மாக் டெஸ்டில் இத்தனை எடுத்தால் உறுதி என்று சொல்லப்படும் எண்கள் எதற்கும் அதிகாரபூர்வ அடிப்படை இல்லை. முழு நீள மாதிரித் தேர்வு இரண்டோ மூன்றோ போதும், அதுவும் உடலைப் பழக்குவதற்காக. 60 கேள்விகளுக்குப் பின்னும் 120-க்குப் பின்னும் பத்து நிமிட இடைவேளை உண்டு. இடைவேளைக்குப் போய்விட்டால் அதற்கு முந்தைய கேள்விகளுக்குத் திரும்ப முடியாது. ஆகவே 180 கேள்விகளின் ஒரே தேர்வாகக் கருதாமல், தலா 60 கேள்விகள் கொண்ட மூன்று தேர்வுகளாகக் கருதி, ஒவ்வொன்றையும் சுமார் 75 நிமிடத்தில் முடித்துப் பழகுவது பாதுகாப்பு. ஒரு முழுத் தேர்வு எழுதினால், அதை அலச இரு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரம் இல்லையென்றால் அந்தத் தேர்வை எழுதாதீர்கள். அலசாத கேள்வி வீணான கேள்வி, நல்ல கேள்விகளோ அளவாகத்தான் கிடைக்கின்றன.

தேர்வில் வந்த கேள்விகள் என்று விற்கப்படும் டம்ப் கோப்புகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள். தேர்வுக் கேள்விகளை வெளியிட மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்புதல் அளித்தே எழுதுகிறார்கள். பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை என்ற நான்கும் பிஎம்ஐயின் நெறிமுறைத் தொகுப்பின் அடித்தளம். அந்தக் காரணத்தை ஒதுக்கி வைத்தாலும், விடையை மட்டும் கொண்ட கோப்பில் தள்ளிய விடைகளுக்கான காரணம் இருக்காது. ஒரு சொல் மாறிய கேள்வி வந்தால், அதை மனப்பாடம் செய்தவர் ஒன்றும் அறியாதவரை விட உறுதியாகத் தவறான விடையைத் தேர்வார்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு எட்டிலிருந்து பத்து வாரம் பொருத்தமான அளவு என்பது என் கருத்து. முதல் இரண்டு வாரம் வேகமான வாசிப்புக்கும் சூத்திரங்களுக்கும். அதன் பிறகு வார நாட்களில் தினம் பத்துக் கேள்விகள் மட்டும், எல்லாப் பிரிவுகளிலிருந்தும் கலந்து, நோட்டுப் புத்தகத்தோடு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பத்துப் போதுமா என்று தோன்றும். நாற்பது கேள்விகளை விரைந்து எழுதி விடைகளைச் சரிபார்ப்பதற்கு ஆகும் நேரமே இதற்கும் ஆகிறது. பத்துக் கேள்வியிலிருந்து நாற்பது சூழல்கள் கையில் நிற்கின்றன. சனிக்கிழமை அந்த வாரத்து நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு மறுபடி சொல்லிப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே எழுதத் தொடங்குவது நல்லது. தலைமை தாங்கிய திட்டங்களை விவரித்து எழுதுவதே ஒரு பயிற்சி. விண்ணப்பம் தணிக்கைக்குத் தேர்வானால் பழைய மேலாளர்களிடம் கையொப்பம் வாங்க நாட்கள் ஆகும். ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று முறை தேர்வு எழுதலாம் என்பதால் தேதியைத் தள்ளிக்கொண்டே போவதற்கும், பதற்றத்தில் முன்கூட்டி வைத்துக்கொள்வதற்கும் அவசியமில்லை. தேதி எப்போது குறிப்பது என்பதற்கு மதிப்பெண்ணை விட நல்ல அளவுகோல் நோட்டில் கிடைக்கும். புதிய பத்துக் கேள்விகளை எடுத்து, விளக்கம் பார்க்காமல் நாற்பது வரியையும் எழுதுங்கள். திருத்தும் மையால் தொட வேண்டியவை ஐந்தாறு வரிகளுக்கு மேல் போகாத நிலை அடுத்தடுத்து மூன்று நாள் நீடித்தால் தேதி குறித்துவிடலாம். கடைசி வாரத்தில் புதிய மாதிரித் தேர்வு எதையும் திறக்காமல், வேறு மையால் திருத்திய அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, திருத்தத்தை மறைத்து, ஒவ்வொரு விடையும் எப்போது சரி என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.